பொலிகுதிரை தேடிப் பனிமலை தாண்டிய மிருக வைத்தியர்

சாத்தூர், இருக்கன்குடி பக்கத்துக் கிராமங்களில் பசு பருவத்துக்கு வந்துவிட்டால் இப்போது யாரும் காளையைத் தேடி ஓடுவதில்லை. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். டாக்டர் வருகிறார். ஒரு கலத்தின் மூடியைத் திறக்கிறார். குபுகுபு என்று வெண்புகை கிளம்புகிறது. உள்ளிருந்து வைக்கோல் போன்ற மெல்லிய குழல் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு வைக்கிறார். பிறகு சினை ஊசி போட்டுவிட்டுப் போய்விடுகிறார். கன்றுக்குத் தகப்பனான காளை ஊட்டியில் இருக்கலாம். அது செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகியும் இருக்கலாம்!

இந்த வசதி இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது நல்ல குட்டி வேண்டுமானால் நல்ல தகப்பனை உயிரோடு கொண்டுவர வேண்டும். வேறு வழி கிடையாது. அப்படி நல்ல பொலிகுதிரைகளைக் கொண்டுவருவதற்காக ஒரு மனிதர் வீட்டை விட்டுக் கிளம்பினார். இமயமலையைத் தாண்டினார். ஏறக்குறைய ஆறு வருஷம் அலைந்தார். கொடுங்கோலன் ஒருவனிடம் சிக்கித் தப்பினார். திரும்பி வரவே இல்லை.

அவர் பெயர் வில்லியம் மூர்கிராப்ட். பிறந்தது இங்கிலாந்தில். புகழ் பெற்றது இந்தியாவில். மண்ணோடு மண்ணானது ஆப்கானிஸ்தானத்தில்.

மாட்டால் மாறிய வாழ்வு

மூர்கிராப்ட் 1767ஆம் ஆண்டு லங்காஷயர் ஜில்லாவில் ஆம்ஸ்கிர்க் என்ற ஊரில் பிறந்தார். பாட்டனார் விவசாயி. பையன் கெட்டிக்காரன். அதனால் லிவர்பூல் நகரில் ஒரு பெரிய டாக்டரிடம் ரண வைத்தியம் படிக்க விட்டார்கள். மனிதர்களுக்குக் கட்டி கீறவும் எலும்பு சேர்க்கவும் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் மாடுகளுக்குப் பெரிய கொள்ளை நோய் வந்தது. கூட்டம் கூட்டமாக மாடுகள் செத்தன. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவர் யாரும் அக்காலத்து இங்கிலாந்தில் இல்லை. லாடம் அடிப்பவர்தான் வைத்தியர்! வேறு வழியில்லாமல் ரண வைத்திய மாணவர்களை அனுப்பினார்கள். போனவர்களில் மூர்கிராப்டும் ஒருவர்.

மாடு தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாயில்லா ஜீவன்களுக்கு வைத்தியம் இல்லையே என்ற எண்ணம் இளைஞரின் மனத்தில் தைத்தது. மனித வைத்தியத்தை விட்டுவிட்டு மிருக வைத்தியம் படிப்பது என்று முடிவு செய்தார். வீட்டார் திகைத்தார்கள். கௌரவமான தொழிலை விட்டுவிட்டு லாடக்காரன் வேலைக்குப் போவதா? லண்டனில் புகழ்பெற்ற ரண வைத்தியரான ஜான் ஹன்டர் மட்டும் அவருக்குத் தைரியம் சொன்னார்.

மிருக வைத்தியக் கல்லூரி அப்போது இங்கிலாந்தில் இல்லை. உலகத்திலேயே முதல் மிருக வைத்தியக் கல்லூரி பிரான்சில் லியான் நகரில் 1760களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. 1790இல் மூர்கிராப்ட் அங்கே போனார். பிரான்சில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. தெருவிலே ரத்தக்களரி, கல்லூரியிலே குதிரையின் நரம்பும் எலும்பும். படித்து முடித்து வந்தபோது, முறைப்படி மிருக வைத்தியம் படித்த முதல் இங்கிலீஷ்காரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

லண்டனில் ஆக்ஸ்போர்டு தெருவில் ஆஸ்பத்திரி வைத்தார். பணம் கொட்டியது. பிரபுக்களின் குதிரைகள் வாசலில் வரிசையாக நின்றன. 1794இல் லண்டன் மிருக வைத்தியக் கல்லூரியில் இரண்டு தலைமை ஆசிரியர்களில் ஒருவராக நியமித்தார்கள். சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். ஓரிடத்தில் நிலைத்து உட்காரும் சுபாவம் அவருக்குக் கிடையாது. லாடத்தைக் கையால் அடிப்பானேன், இயந்திரத்தால் செய்யலாமே என்று தோன்றியது. 1796இலும் 1800இலும் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சேர்த்த பணம் எல்லாம் அந்த இயந்திரத்தின் வாயில் போயிற்று.

கை நஷ்டப்பட்டு நின்றவரைக் கும்பினியார் கூப்பிட்டார்கள்.

கும்பினியின் தலைவலி

கிழக்கிந்தியக் கும்பினிக்கு இந்தியாவில் பெரிய சேனை இருந்தது. சேனைக்குக் குதிரைப்படை வேண்டும். குதிரைப்படைக்கு உயரமும் பலமும் உள்ள குதிரை வேண்டும். அது இந்தியாவில் போதுமான அளவு கிடைக்கவில்லை.

இது புதிய தலைவலி அல்ல. நம் பாண்டிய நாட்டு அரசர்கள் பட்ட பாடும் இதுதான். நம் ஊர்ப் பக்கம் குதிரை என்றால் அய்யனார் கோயில் மண்குதிரைதான் இன்று நினைவுக்கு வரும். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் காயல் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. அப்போது இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். அரசர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவாராம். வருஷ முடிவில் 100 கூட மிஞ்சாதாம். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். உயர்ந்த பெட்டைக்கு உயர்ந்த பொலிகுதிரையைச் சேர்த்தாலும் கால் கோணிய சின்னக் குட்டிதான் பிறந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

கும்பினியார் வெளியில் வாங்குவதை விட்டு இங்கேயே குதிரை வளர்க்கப் பார்த்தார்கள். பீகாரில் புசா என்ற இடத்தில் 1790களில் ஒரு பண்ணை வைத்தார்கள். பண்ணையின் பொலிகுதிரைகளைச் சுற்றுக் கிராமங்களில் விடுவார்கள். விவசாயிகளின் பெட்டைகள் குட்டி போடும். நல்ல குட்டிகளைக் கும்பினி விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஏற்பாடு காகிதத்தில் அழகாக இருந்தது. பிறந்த குட்டிகள்தான் சரியில்லை. இந்தப் பண்ணையைச் சீர்திருத்த மூர்கிராப்டை அனுப்பினார்கள். 1808ஆம் ஆண்டு முடிவில் அவர் கல்கத்தா வந்து இறங்கினார். வயது 41.

புசா என்ற பெயரை நம் நேயர்கள் வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். அந்த இடத்தில் 1905இல் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1934இல் பீகார் பூகம்பத்தில் கட்டடம் இடிந்தது. நிலையத்தை டில்லிக்கு மாற்றினார்கள். பெயரும் கூடவே போயிற்று. டில்லியில் இன்றும் அந்த இடத்துக்குப் புசா என்றுதான் பெயர்.

மூர்கிராப்ட் வந்தவுடன் இலாயத்தைச் சுத்தம் செய்தார். தீனியை மாற்றினார். ஓட்ஸ் என்னும் தானியத்தைப் பயிரிடச் செய்தார். நோய் குறைந்தது. ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கொள்ளும் புல்லும் எவ்வளவு போட்டாலும் தகப்பன் குதிரையிடம் இல்லாத உயரமும் எலும்பும் குட்டிக்கு வருமா? இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் குதிரைகளுக்கு விலை அதிகம். கடலில் சாவும் அதிகம். மத்திய ஆசியாவில் துருக்மேனியர்கள் வளர்க்கும் குதிரைகள் பெயர் பெற்றவை. தரைவழியாக நடந்தே வரக்கூடியவை. அந்தக் குதிரைகளுக்குச் சந்தை புகாரா நகரம். இன்று அது உஸ்பெகிஸ்தானத்தில் இருக்கிறது. எப்படியும் புகாரா போய்விட வேண்டும் என்ற ஆசை மூர்கிராப்டைப் பிடித்துக்கொண்டது. பிறகு சாகும்வரை விடவில்லை.

சாமியார் வேஷம்

முதலில் 1812இல் தம் நம்பிக்கைக்குரிய மீர் இஸ்ஸத்துல்லா என்பவரைப் புகாராவுக்கு அனுப்பினார். அவர் லடாக், யார்க்கண்ட் வழியாகப் போய், காபூல் வழியாகத் திரும்பி வந்து வழி விவரமெல்லாம் சொன்னார்.

அதற்குள் மூர்கிராப்டே கிளம்பிவிட்டார். அதே 1812இல் ஹியர்சி என்ற தோழருடன் திபேத்துக்குப் போனார். வெள்ளைக்காரர்கள் திபேத்தில் நுழையக் கூடாது. ஆகையால் இருவரும் கோசாயி சாமியார் வேஷம் போட்டுக்கொண்டார்கள். விளக்குக் கரி, வாதுமைச் சாறு, சாணிச் சாம்பல் எல்லாம் பூசி முகத்தைக் கறுப்பாக்கினார்கள். மூர்கிராப்டுக்கு மாயாபுரி என்று பெயர், ஹியர்சிக்கு ஹர்கிரி. கூட வந்த பண்டிதர் ஒருவருக்கு வேலை என்ன தெரியுமா? ஓர் எட்டுக்கு நாலு அடி என்று வைத்து வழி முழுவதும் எண்ணிக்கொண்டே நடப்பது! படம் வரைய அளவு வேண்டுமே.

நிதி கணவாயைத் தாண்டினார்கள். கார்டோக் என்ற ஊரைப் பார்த்தார்கள். மானசரோவரம் ஏரிக்கரையில் நின்றார்கள். நம் நாட்டு யாத்திரிகர்கள் புண்ணியம் தேடிப் போகும் இடத்துக்கு ஒரு மிருக வைத்தியர் குதிரை தேடிப் போனார். குதிரை கிடைக்கவில்லை. சால்வை நெய்யும் மென்மயிர் ஆடுகள் ஐம்பது வரை வாங்கினார். ஒரு வேடிக்கையும் கண்டார். அந்தக் காட்டில் இரண்டு ஐரோப்பிய நாய்கள் பட்டாளத்துக் கவாத்து செய்து காட்டினவாம். ரஷ்யர்களிடமிருந்து வந்தவை என்று ஜனங்கள் சொன்னார்கள். ரஷ்யர்கள் இந்தியாவை நோக்கி வருகிறார்கள் என்ற பயம் அன்று முதல் அவரைப் பற்றிக்கொண்டது. நாய் கவாத்து செய்ததை வைத்து ராஜ்ய விவகாரம் பேசியதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யா புகாராவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததைப் பார்க்கும்போது அந்தக் கேலி அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் கூர்க்காக்கள் பிடித்துச் சில வாரம் சிறை வைத்தார்கள். தப்பி வந்ததும் கும்பினியார் பாராட்டவில்லை. உத்தரவு இல்லாமல் போனதற்குக் கண்டித்தார்கள்.

பனியில் தூங்கும் உயிர்

இங்கே கதையைச் சற்று நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

மூர்கிராப்ட் லியான் நகரில் படித்தபோது, அல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலியில் பாவியா நகரத்தில் ஒரு பாதிரியார் இருந்தார். ஸ்பல்லன்சானி என்று பெயர். பெரிய விஞ்ஞானி. அவர் ஒரு பெட்டை நாய்க்கு ஆண் நாயின் விந்தை ஊசிக்குழல் மூலம் செலுத்தினார். 62 நாளில் மூன்று குட்டிகள் பிறந்தன. 1780இல் இதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். பொலிகுதிரையின் விந்தையும் அவர் சோதித்தார். பனிக்கட்டிக் குளிரில் வைத்தபோது விந்திலே துள்ளிக்கொண்டிருந்த அணுக்கள் அசைவற்றுப்போயின. செத்துவிட்டனவா? இல்லை. சூடு பட்டதும் மறுபடி துள்ளின. பிறகு ஏழரை மணி நேரம் உயிரோடு இருந்தன.

பொலிகுதிரையின் வித்தைப் பனியில் தூங்க வைக்கலாம் என்ற ரகசியம் ஐரோப்பாவில் ஒருவர் கைக்கு எட்டிவிட்டது. அதன் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. மூர்கிராப்டோ அதே பனியில் கால் புதையப் புதைய, முழுக் குதிரையைத் தேடி நடந்துகொண்டிருந்தார்!

நம் சாத்தூர் வெள்ளரி போடுகிறவர்களுக்கு விதையின் அருமை தெரியும். முற்றிய பழத்திலிருந்து விதை எடுத்து, கழுவி, சாம்பலில் பிசைந்து, உலர்த்தி, ஈரம் படாமல் வைத்தால்தான் அடுத்த வருஷம் முளைக்கும். விந்தும் அப்படித்தான். வெயில் பட்டால் கெடும். அழுக்குப் பட்டால் கெடும். ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும் அணுக்கள் வீங்கிச் சாகும். சட்டென்று குளிர வைத்தாலும் அதிர்ச்சியில் சாகும். மெல்ல மெல்லக் குளிர வைக்க வேண்டும்.

இப்போது என்ன செய்கிறார்கள்? எடுத்தவுடன் வடிகட்டி, உடல் சூட்டிலேயே வைத்து, பூதக்கண்ணாடியில் எத்தனை அணு நேராக நீந்துகிறது என்று பார்க்கிறார்கள். ஆடை எடுத்த பாலில் செய்த கரைசலைச் சேர்க்கிறார்கள். அது அணுக்களுக்கு உணவு, போர்வையும் அதுவே. மெதுவாக 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். வருஷக்கணக்கில் வைக்க வேண்டுமானால் முட்டையின் மஞ்சள் கருவும் கிளிசரினும் சேர்த்த கரைசலில் கலந்து, மெல்லிய குழல்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் போடுகிறார்கள். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! கிளிசரின் இல்லாவிட்டால் அணுவுக்குள் இருக்கும் நீர் ஊசி ஊசியாக உறைந்து அதைக் கிழித்துவிடும். இந்தக் கிளிசரின் வித்தை 1949இல் இங்கிலாந்தில் சேவலின் விந்தை வைத்துச் சோதனை செய்தபோது தெரிய வந்தது.

காளைக்கு இது சுலபமாகப் பலித்தது. குதிரைக்குக் கஷ்டம். ஒரு குதிரையின் விந்து உறைந்து எழுந்து ஜம்மென்று நீந்தும். பக்கத்து இலாயத்துக் குதிரையின் விந்து பாதிகூடப் பிழைக்காது. இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆகையால் ஒவ்வொரு பொலிகுதிரையையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ரஷ்யாவில் இவானோவ் என்ற விஞ்ஞானி 1900ஐ ஒட்டிப் பெட்டைக் குதிரைகளுக்குப் பெரிய அளவில் செயற்கைக் கருவூட்டல் செய்து காட்டினார். ஒரு பருவத்தில் இருபது முப்பது பெட்டைகளுக்குப் போதுமான பொலிகுதிரை நூற்றுக்கணக்கான பெட்டைகளுக்குப் போதுமானதாயிற்று. உறைந்த விந்திலிருந்து முதல் குதிரைக்குட்டி 1957இல் கனடாவில் பிறந்தது. நம் நாட்டில் ஹிசாரில் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ராஜஸ்தானத்தில் பிகானேரில் அதன் கிளை. மார்வாரிக் குதிரை, லடாக்கின் ஜன்ஸ்காரிக் குதிரை முதலிய நாட்டு இனங்கள் அருகி வருவதால் அவற்றின் விந்தை அங்கே உறைய வைத்துச் சேமிக்கிறார்கள். 2023 மே மாதம் பிகானேரில் வாடகைத் தாய் மூலம் ஒரு மார்வாரிப் பெண் குட்டி பிறந்தது. ராஜ் பிரதமா என்று பெயர் வைத்தார்கள். எடை 23 கிலோ.

பந்தயக் குதிரைக்கு மட்டும் இந்த வித்தை ஆகாது. பந்தயத்துக்குப் பதிவு செய்யும் உயர்சாதிக் குதிரை இயற்கையாகச் சேர்ந்துதான் பிறக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள சட்டம்.

கடைசிப் பயணம்

இனி மூர்கிராப்டிடம் திரும்புவோம்.

1819இல் ஒருவழியாகப் புகாரா போக அனுமதி கிடைத்தது. அவருக்கு வயது 52. மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும் சிறு குழந்தைகள். அந்த அக்டோபரில் பரேலியிலிருந்து புறப்பட்டார். கல்கத்தா வியாபாரிகளிடம் வாங்கிய துணிமணி, சாமான்கள் எல்லாம் கூடவே வந்தன. விற்று அந்தப் பணத்தில் குதிரை வாங்குவதாகத் திட்டம். ஜார்ஜ் டிரெபெக் என்ற இளைஞர், கத்ரி என்ற டாக்டர், மீர் இஸ்ஸத்துல்லா, குலாம் ஹைதர்கான் முதலியவர்கள் உடன் சென்றார்கள்.

லாகூரில் ரஞ்சித் சிங் மகாராஜாவைப் பார்த்தார். மகாராஜாவுக்குக் குதிரை என்றால் உயிர். குதிரைகளை நடத்திக் காட்டி மகிழ்ந்தார். தம் உடம்புக்கும் வைத்தியம் கேட்டுக்கொண்டார். காங்க்ராவில் ராஜாவின் தம்பி பத்தே சந்த் சாகக் கிடந்தார். மூர்கிராப்ட் பிழைக்க வைத்தார். பிழைத்தவர் அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். போன ஊரிலெல்லாம் இவர் கண்புரை எடுத்தார். வாசலில் குருடர்கள் காத்துக்கிடப்பார்கள். விட்டு வந்த மனித வைத்தியம் விடாமல் கூடவே வந்தது. வழிநெடுக ஜனங்கள் அவரைக் காப்பாற்றினார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்தக் கைதான் என்று நாம் நினைக்கிறோம்.

1820 செப்டம்பரில் லடாக்கின் தலைநகர் லே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து யார்க்கண்ட் வழியாகப் புகாரா போகச் சீன அதிகாரிகளின் அனுமதி வேண்டும். கேட்டு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். இப்படி இரண்டு வருஷம்! வியாபாரப் போட்டிக்காரர்கள் அவருக்கு எதிராகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொல்லவும் முயன்றார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. லடாக்கின் பயிர், ஆடு, மருந்து, புல் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். தம் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி வந்த சோமா என்ற ஏழை ஹங்கேரியருக்குத் திபேத்திய மொழி கற்கப் புத்தகம் கொடுத்து உதவினார். அந்த சோமாதான் பின்னாளில் திபேத்திய அகராதி எழுதிப் பேர் வாங்கியவர்.

ஒரு காரியத்தில் மட்டும் எல்லை மீறினார். 1821இல் லடாக் அரசுடன் கும்பினியின் பேரால் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவரை யாரும் தூதராக அனுப்பவில்லை. குதிரை வாங்க அனுப்பினார்கள். லடாக் மீது ரஞ்சித் சிங்கும் உரிமை கொண்டாடினார். கும்பினியார் அலறிப்போய் ரஞ்சித் சிங்கிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒப்பந்தத்தை ஒதுக்கினார்கள். மூர்கிராப்டின் சம்பளத்தை நிறுத்தினார்கள். திரும்பி வா என்று கடிதம் போட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். அவர் காஷ்மீரம் போனார். பத்து மாதம் தங்கி சால்வை நெசவைப் பற்றி நூல் நூலாக எழுதினார். அங்கிருந்து பெஷாவர். அங்கிருந்து 1824இல் காபூல். (நம் மாகாணத்தில் ஓசூரில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கக் கும்பினியார் பண்ணை தொடங்கியது அதே 1824இல்தான். 1,641 ஏக்கர். பின்னாளில் அது மாட்டுப் பண்ணையாகப் பெயர் பெற்றது.)

முராத் பேக்கின் பிடியில்

இந்துகுஷ் மலைக்கு அப்பால் குண்டுஸ் என்ற ஊரை முராத் பேக் என்பவன் ஆண்டான். கொள்ளைக்காரன். அடிமை வியாபாரி. மூர்கிராப்டை ஒற்றன் என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டான். பணம் கேட்டான். கொடுத்தார். மேலும் கேட்டான். விட்டது போல விட்டு மறுபடி பிடித்தான். இப்படியே மாதக்கணக்கில் ஆட்டிவைத்தான்.

ஒரு நாள் இரவு மூர்கிராப்ட் உஸ்பெக்கியர் உடை அணிந்து குதிரையில் தப்பினார். ஓடியது ஊரை நோக்கி அல்ல. தாலிகான் என்ற இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். முராத் பேக்குக்கே குரு போன்றவர். நூறு மைலுக்கு மேல் ஓயாமல் சவாரி செய்து அவர் முன் போய் விழுந்து, அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அடைக்கலம் கேட்டார். அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடுவது அந்த நாட்டில் வழக்கம் இல்லை. முராத் பேக் ஆள் அனுப்பியும் பெரியவர் அசையவில்லை. வேற்று மதத்தான், வேற்று நாட்டான், முன்பின் தெரியாதவன். அவனுக்காகத் தம் சிஷ்யனான சிற்றரசனையே எதிர்த்து நின்றார். விடுதலை கிடைத்தது.

1825 பிப்ரவரி 25. மூர்கிராப்ட் புகாராவில் நுழைந்தார். புறப்பட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்து ரஷ்யன், ரஷ்யன் என்று கூவினார்கள். கடைவீதியில் ரஷ்யச் சாமான்கள் இருந்தன.

குதிரை? அதுதான் இல்லை! நாட்டில் கலகம். குதிரை வளர்க்கும் கூட்டத்தாரே அமீருக்கு எதிராகக் கிளம்பியிருந்தார்கள். இருந்த நல்ல குதிரைகள் போருக்குப் போய்விட்டன. பதினைந்து வருஷமாகக் கனவு கண்ட சந்தை காலியாகக் கிடந்தது. அலைந்து அலைந்து கொஞ்சம் குதிரைகள் வாங்கினார். ஜூலையில் திரும்பப் புறப்பட்டு ஆகஸ்டில் ஆமு நதியைத் தாண்டினார்.

இத்தோடு வந்திருக்கலாம். ஆனால் அந்த்குய் பக்கம் துருக்மேனியர்களிடம் நல்ல பொலிகுதிரைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டார். கேட்டபின் மனம் நிற்குமா? மற்றவர்களை விட்டுவிட்டுச் சில வேலைக்காரர்களுடன் மட்டும் போனார். அங்கே காய்ச்சல் கண்டது. 1825 ஆகஸ்ட் 27ஆம் தேதி இறந்தார். வயது 58. விஷம் வைத்தார்கள் என்றும் வதந்தி உண்டு. காய்ச்சல் என்பதே சரியாகத் தெரிகிறது.

உடலைக் கொண்டுவந்து பால்க் நகரத்தின் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். சில நாளில் டாக்டர் கத்ரியும் காய்ச்சலில் போனார். இளைஞர் டிரெபெக் பக்கத்து ஊரான மசாரில் மாட்டிக்கொண்டார். நகர விடவில்லை. அந்த வருஷத்துக்குள் அவரும் மாண்டார். குதிரைகளும் சாமான்களும் உள்ளூர்க்காரர்கள் கைக்குப் போயின. எஞ்சியவர்களில் குலாம் ஹைதர்கான் மட்டும் வெறுங்கையோடு நாடு திரும்பி நடந்ததைச் சொன்னார்.

1832இல் அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற கும்பினி அதிகாரி புகாரா போகும் வழியில் பால்க்கில் இறங்கினார். நிலா வெளிச்சத்தில் மண் சுவரோரம் அந்தச் சமாதியைத் தேடிக் கண்டுபிடித்தார். மூர்கிராப்ட் எழுதி வைத்த காகிதங்கள் மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. வில்சன் என்ற சம்ஸ்கிருத பண்டிதர் அவற்றைச் சுருக்கி 1841இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். லடாக்கையும் காஷ்மீரத்தையும் பற்றி எழுதுகிற சரித்திரக்காரர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1846இல் ஹுக் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் லாசா போனார். மூர்கிராப்ட் 1825இல் சாகவே இல்லை; காஷ்மீரி வேஷத்தில் பன்னிரண்டு வருஷம் லாசாவில் வாழ்ந்து, 1838இல் திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்களால் கொல்லப்பட்டார் என்று அங்கே அவருக்குச் சொன்னார்கள். இறந்தவரின் காகிதங்கள் யாரிடமாவது அகப்பட்டு லாசா போயிருக்கலாம். அதனால் கிளம்பிய கதை என்று பலர் சொல்கிறார்கள். லாசாவில் அவருடைய வேலைக்காரனாக இருந்ததாகச் சொன்னவனையும் ஹுக் பாதிரியார் அங்கே சந்தித்தாராம். மாயாபுரி சாமியாராக வேஷம் போட்டுத் திபேத்தில் நடந்தவர் ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது.